பின்சீட்டில் பஸ்காரர்

கால்வாய்க் கரைப் பாதையில் தினமும் விடிந்ததும் இரண்டு கட்சிகள் புறப்படும். நடப்பவர்கள் கால் கட்சி, சைக்கிள் மிதிப்பவர்கள் சக்கரக் கட்சி. எல்லாருக்கும் தலை நரைத்துவிட்டது. பாதை முடியும் இடத்திலிருக்கும் டீக்கடையில் இரண்டு கட்சிகளும் கூடி, ஒன்றை ஒன்று வாரிவிட்டுத்தான் வீடு திரும்பும்.

சக்கரக் கட்சிக்குத் தலைவர் பஸ்காரர். வேலைக்காலம் முழுக்க நகரப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறு வாரமே சைக்கிள் வாங்கிவிட்டார். அவர் மனைவி கால் கட்சி. மனைவியின் தம்பியும் அதே கட்சிதான். போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்ததால் அவருக்கு ஸ்டுடியோக்காரர் என்று பெயர். அத்தானுக்கும் மச்சானுக்கும் பகை என்று எதுவும் கிடையாது. ஆனால் எதிலும் ஏட்டிக்குப் போட்டி. "படம் பிடிக்கிறவனுக்கு எல்லாமே அசையாம நிக்கணும். அவனுக்கு ரோட்டைப் பத்தி என்ன தெரியும்?" என்பார் பஸ்காரர். "எங்க அத்தான் கல்யாணப் போட்டோவுலகூட ஹாரன் அடிக்கிற மாதிரிதான் நிப்பாரு" என்பார் ஸ்டுடியோக்காரர்.

ஒருநாள் காலை பஸ்காரர் வளைவில் திரும்பியபோது சைக்கிள் எதன் மீதோ மோதியது. ஒரு முனகல் கேட்டது. இறங்கிப் பார்த்தால், முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தார். நன்றாக விடிந்த வெளிச்சம், காலியான பாதை, சிவப்புச் சேலை. அவர் கண்ணில் எதுவும் படவில்லை.

ஓடி வந்தவர்களிடம் அந்த அம்மாள், "கால் இடறி விழுந்துட்டேன்" என்றார். பஸ்காரர் குனிந்து அவரைத் தூக்கிவிட்டார்.

கொஞ்ச நாளாகவே அவர் பார்வையில் நட்டநடுவே ஒரு கறை விழுந்திருந்தது. கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். கண் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, ஓரப்பார்வை மிஞ்சும், போனது திரும்பாது என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பஸ்காரரே சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே தள்ளிப் பழைய போர்வையால் மூடினார்.

"நடக்கவாவது வாங்களேன்" என்றார் மனைவி.

"நடக்கிறது பஸ்ஸத் தவற விட்டவன் வேலை. எனக்கெதுக்கு?"

அதன்பின் அவர் ஜன்னலோரமே கதியென்று கிடந்தார். தெருவில் போகும் பஸ்ஸின் சத்தத்தை வைத்து, "கிளட்ச்ச அரைக்கிறான் பாவி" என்று திட்டுவதுதான் வேலை. அவரைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல் மனைவியும் நடையை நிறுத்திவிட்டார். முழங்கைக் காயம் ஆறிவிட்டது, வீடுதான் ஆறவில்லை.

அப்போதுதான் ஒருநாள் காலை வாசலில் மணிச்சத்தம் கேட்டது. முன்னும் பின்னுமாக இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல், நீளமான ஒரு சைக்கிள். அதைப் பிடித்தபடி ஸ்டுடியோக்காரர் நின்றார். சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் கடையிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தார்.

"இது என்ன ஒட்டகம்?" என்றார் பஸ்காரர், ஓரக்கண்ணால் பார்த்து.

"ஏறுங்க அத்தான். முன்னாடி நான், பின்னாடி நீங்க."

"நீயா? உனக்கு ஒத்தை சைக்கிளே உருப்படியா ஓட்டத் தெரியாதே!"

"தெரியாதுதான். உங்களுக்காக ஒண்ணும் வரலை. எங்கக்கா வெளிய வந்து எத்தனை நாளாச்சு? அவ மூஞ்சியப் பாக்கணும்னா முதல்ல உங்களக் கிளப்பணும்."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. பஸ்காரர் அதைக் கவனித்தார். செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டார்.

ஆயுசில் அவர் பிறர் ஓட்டும் வண்டியில் நிம்மதியாக உட்கார்ந்தவர் இல்லை. தெருமுனை தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "இடதுல ஒதுங்கு. மணி அடி. ஏன் இப்படி ஆட்டுற? திருப்பத்துல மிதிக்காத!" தன் கைப்பிடியை அவர் வெடுக்கென்று ஒடித்துத் திருப்ப, அது அசையவே இல்லை.

"இது திரும்ப மாட்டேங்குதே!"

"பிடிச்சுக்கிறதுக்குத்தான் அத்தான் அது. திருப்புறதுக்கு இல்ல."

"நீ பிரேக்கப் போடு முதல்ல!"

"எதுக்கு? எதிர்ல ஒரு காக்கா கூட இல்ல!"

"இருந்தா என்ன பண்ணுவ?"

கரைப்பாதைக்கு வருவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது, மிதித்ததைவிடக் கத்தியதால். சக்கரக் கட்சியில் ஒருவர் தாண்டிப் போகையில் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புத்தான் நெருப்பில் எண்ணெய் வார்த்தது. "உன்ன நம்பி ஏறினேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றார் பஸ்காரர். ஸ்டுடியோக்காரர் வண்டியை நிறுத்தினார். இறங்கினார். "அப்ப நீங்களே ஓட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

பஸ்காரர் அந்த நீள வண்டியைப் பிடித்தபடி பாதை நடுவில் நின்றார். ஒரு பக்கம் தண்ணீர் மினுங்கியது, மறு பக்கம் வேலிச்செடி தெரிந்தது. நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. எத்தனையோ ஆயிரம் பேரை ஏற்றி இறக்கியவருக்கு, அந்த இடத்தில் ஒரு அடி எடுத்து வைக்கத் துணிவு வரவில்லை. எதிரே யாராவது வந்தால்? அன்றைக்குப் போல அது ஒரு பெண்ணாக இருந்தால்?

"மச்சான்" என்றார், மெதுவாக. பிறகு உரக்க, "மச்சான்!"

"இங்கதான் இருக்கேன்" என்று பக்கத்திலிருந்த மதகுக் கட்டையிலிருந்து குரல் வந்தது. ஸ்டுடியோக்காரர் அதைத் தாண்டிப் போயிருக்கவில்லை.

வண்டியைச் சாய்த்துவிட்டு இருவரும் கட்டையில் உட்கார்ந்தார்கள். பிறகு பஸ்காரர்தான் வாயைத் திறந்தார்.

"ரோடு தெரியாட்டிப் போகட்டும். எழவு, உங்கக்கா மூஞ்சி தெரியல மச்சான். நேராப் பாத்தா அங்க ஒண்ணும் இருக்க மாட்டேங்குது. நான் பேசறப்ப அவ சிரிக்கிறாளா, அழறாளா, ஒண்ணும் விளங்கல. அவகிட்ட எப்படிச் சொல்றது?"

ஸ்டுடியோக்காரர் வாழ்நாள் முழுக்க முகங்களைப் பார்த்தே பிழைத்தவர்.

"ஸ்டுடியோவுல நான் யாரையும் கேமராவப் பாக்கச் சொன்னதில்ல அத்தான். என் விரலப் பாருங்கம்பேன். அப்பத்தான் மூஞ்சி நல்லா விழும். நீங்களும் நேராப் பாக்காதீங்க. அவ காதுப் பக்கமாப் பாத்துப் பழகுங்க. ஓரத்துல முகம் வரும்."

"சிரிக்க மாட்டாளா?"

"சிரிச்சா நல்லதுதான? அந்தச் சிரிப்பு தெரியுதான்னு பாருங்க."

பஸ்காரர் மூக்கை உறிஞ்சினார். ஸ்டுடியோக்காரர், "நானும் ஒண்ணு சொல்லணும். டீக்கடைக்கு முன்னாடி பாலத்து இறக்கம் வரும்ல, எனக்கு அதப் பாத்தாலே பயம். சின்ன வயசுலேருந்தே இறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் வருவேன். இன்னிக்கும் அதான் மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு" என்றார்.

"அட, இத முன்னாடியே சொல்றதுக்கென்ன! எழுந்திரு."

பாலத்தின் உச்சியில் வண்டி ஒரு கணம் தயங்கியது. பின்னாலிருந்து வந்த குரலில் இப்போது அதட்டல் இல்லை. புதிய ஓட்டுநரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கும் குரல். "பிரேக்க அமுக்காத, தடவிக் குடு. முன்னாடி இருக்கறதப் பாத்தா போதும், கீழ பாக்காத. நான் பின்னாடிதான் இருக்கேன். விடு... விடு... இப்ப தடவு." காற்று காதில் இரைந்தது. ஸ்டுடியோக்காரர் "ஐயோ அத்தான், ஐயோ அத்தான்" என்று ஒரே சீராக ஓதிக்கொண்டே இறங்கினார். சமதளம் வந்ததும் இருவரும் காரணமே இல்லாமல் சிரிக்க ஆரம்பித்தார்கள். வண்டி கோணல்மாணலாகப் போய் டீக்கடை பெஞ்சில் முட்டி நின்றது.

மறுநாள் மனைவியும் நடக்க வந்தார். கணவர் பக்கவாட்டில் திரும்பித் தன் காதையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு, "கம்மல் புதுசு இல்லீங்க, பழசுதான்" என்றார். அவர் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அவர் ஓரப்பார்வையில் படும்படி நகர்ந்து நின்றுகொண்டார்.

அத்தானும் மச்சானும் ஒருமுறை வேலிச்செடிக்குள் விழுந்தார்கள். யார் தப்பு என்பதில் இன்றுவரை இரண்டு கதைகள் உண்டு. பஸ்காரர் கத்துவதை விடவில்லை. ஸ்டுடியோக்காரர் திருப்பிக் கத்தப் பழகிக்கொண்டார்.

ஒரு மழைக்காலத்தில் ஸ்டுடியோக்காரருக்குக் காய்ச்சல் வந்து சைக்கிளை வெளியே எடுக்க ஆளில்லாமல் போனது. பஸ்காரர் கொஞ்ச நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தார். பிறகு எழுந்து வாசலுக்கு வந்து, நடக்கக் கிளம்பிய மனைவியின் தோளில் கை வைத்தார்.

"எந்தப் பக்கம் போகணும்?"

கால் கட்சியில் அவர் சேர்ந்த செய்தி டீக்கடைக்கு அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அவர் ஒரு டீயைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். பாதை அங்கே முடிகிறது. அதற்கு அப்பால் வயல் வரப்புதான்.

"இன்னும் கொஞ்ச தூரம் போலாமா?" என்றார்.

மனைவிக்கு முட்டி வலித்தது. "போலாம்" என்றார்.