அடுப்படித் திரை

வாருங்கள், இந்த முற்றத்துக்குள் வந்து நில்லுங்கள். வீட்டின் முன்னறையில் ஒரு மனிதர் பெட்டிக்குள் கிடக்கிறார். கொட்டகையில் அவரைக் கொன்ற வண்டி நிற்கிறது. மனிதரின் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று, நெற்றியில் பாதிரியாரின் விரல் பட்டாயிற்று. வண்டியை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை அநீதி என்று நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

சோர்னிட்சா ஓட்டுநர் பக்கக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அது திறக்கவில்லை. எந்தக் கதவின் ஓசையைக் கேட்டு அவளுடைய அப்பா மெத்தோதி இந்த வண்டியை வாங்கினாரோ, அதே கதவு. மரத்தில் மோதியும் நெளியாமல், யாருக்கும் வழிவிடாமல் நின்றது. அவள் மறுபக்கம் போய், கறுப்புப் பாவாடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு உள்ளே ஊர்ந்தாள். அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து வரச் சொல்லி அம்மா அனுப்பியிருந்தாள். பெட்டியில் கூடவே வைத்துவிட வேண்டுமாம்.

கண்ணாடி பிரேக் மிதிக்கு அடியில் கிடந்தது. எடுத்துக்கொண்டு நிமிர்ந்தவளின் முகத்துக்கு நேரே ஸ்டியரிங்கின் நடுமூடி பிளந்து தொங்கியது. உள்ளிருந்து ஏதோ துணி எட்டிப் பார்த்தது. மோதியபோது விரிந்து காக்காமல் போன ஏர்பேக் அதுதான் என்று எண்ணி, ஒரு வெறுப்போடு அதைப் பிடித்து இழுத்தாள்.

வெளுத்த வெள்ளைத் துணி. அதில் சிவப்புச் செர்ரிப் பழங்கள், இரட்டை இரட்டையாக. ஓரம் பச்சை நூலால் மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோன அன்று அம்மா பச்சை நூலில் தைத்ததும், அப்பா வாரம் முழுக்கக் கேலி பேசியதும் சோர்னிட்சாவுக்கு நினைவிருந்தது. அவர்கள் வீட்டு அடுப்படி ஜன்னலில் பல வருடம் தொங்கிய திரை அது.

அவள் கையை அந்தக் குழிக்குள் விட்டுத் துழாவினாள். துணி இருந்த இடத்தில் வேறொன்றும் இல்லை. அறுத்துவிட்ட இரண்டு கம்பிகள் மட்டும் விரலில் குத்தின.

மெத்தோதி தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். ஆனால் டான்யூப் ஆற்றங்கரையின் அந்தச் சிற்றூரில் அவர் பெயர் நின்றது அவருடைய காதால்தான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஜெர்மனியிலிருந்து வந்த பழைய வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஊரார் அவரைக் கூட்டிப் போவார்கள். மிதியின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து, வெள்ளத்தில் கிடந்த வண்டியா என்று சொல்வார். கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தைத் தகடெங்கும் ஓட்டி, பூச்சுக்கு அடியில் பட்டி பூசிய இடத்தைக் கண்டுபிடிப்பார். கடைசியாகக் கதவைத் திறந்து, கையை எடுத்துவிட்டு, அது தன் கனத்திலேயே சாத்திக்கொள்ளும் ஓசையைக் கேட்பார். நிலவறை மூடி விழுவது போன்ற அந்தக் கனத்த ஓசை வந்தால் தலையசைப்பார். அந்தத் தலையசைப்புக்குப் பிறகு ஊரில் மறுபேச்சு இல்லை. வண்டி ஓடுமா, எத்தனை காலம் ஓடும் என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். மோதினால் உள்ளே இருப்பவரை அது காக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

போன வசந்த காலத்தில் அவர் திடீரென்று சந்தைக்குப் போவதை நிறுத்தினார். காது மந்தமாகிவிட்டது என்றார். வீட்டில் மட்டும், அம்மா அடுப்படியில் முணுமுணுத்தது முற்றத்தில் இருந்தவருக்குக் கேட்டது.

சோர்னிட்சா திரையை மேலங்கிக்குள் செருகிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். பெட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ஸ்தோயான்கா நிமிராமலே கேட்டாள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுதும்மா. ஒரு பக்கம் விரிசல்."

"பரவால்ல. பாதி உலகத்தை அவர் காதாலதான பார்த்தாரு."

பெண்களில் ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு மூக்கைத் துடைத்தாள். சோர்னிட்சா அம்மாவின் பக்கத்தில் குனிந்து, மேலங்கியின் பொத்தான் ஒன்றைக் கழற்றி, துணியின் ஒரு முனையைக் காட்டினாள். அம்மா பார்த்தாள். பிறகு மெழுகுவர்த்தியைப் பார்த்தாள்.

"போன வசந்தத்துல கேட்டாரு," என்றாள் மெல்ல. "கந்தை எதாவது இருந்தா குடு, வண்டிக்குள்ள எலி போயிருக்கு, ஓட்டையை அடைக்கணும்னாரு."

"எலியா?"

"எலின்னுதான் சொன்னாரு. நாப்பது வருஷம் கூட இருந்தவடி நான். எலிக்கும் வெக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. அதனாலயே கேக்கல."

அவ்வளவுதான். சோர்னிட்சாவுக்கு மீதி புரிந்தது. வெறும் மூடி ஸ்டியரிங்கில் கடகடத்திருக்கிறது. ஊர் வண்டிகளின் முனகலையெல்லாம் கேட்ட காது, தன் வண்டியின் கடகடப்பையும் கேட்டது. திறந்தார், ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் வெறுமையைப் பார்த்தார். வண்டியை விற்றவன் ரங்கேல், அவர் கையில் ஏந்தி ஞானஸ்நானம் செய்வித்த ஞானமகன். அவனைக் கேட்டால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால், அவர் தலையசைத்து வாங்கிக் கொடுத்த ஒவ்வொரு வண்டியும் கேள்விக்கு வரும். ஆகவே அவர் அடுப்படித் திரையைச் சுருட்டி உள்ளே திணித்தார். கடகடப்பு நின்றது. அப்படியே ஓட்டினார்.

"இன்னைக்கு அதை வெளிய எடுக்காத," என்றாள் அம்மா. "மண்ணுக்குள்ள போற மட்டும் அவர் பேரு முழுசா இருக்கட்டும்."

"ரலிட்சா சாப்பிட்டதும் கிளம்பிடுவாம்மா. குழந்தையோட."

எதிர்வீட்டு ஸ்பாசிமிரின் மகள் ரலிட்சா. அவளும் ரங்கேலிடம்தான் வண்டி வாங்கினாள், அவளுக்கும் தலையசைத்தவர் மெத்தோதிதான். அம்மா ஏற்கெனவே நேராக இருந்த போர்வையின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

கொட்டகைப் பக்கம் ஆண்கள் கூடியிருந்தார்கள். பெட்டிக்கருகில் தொப்பியைக் கழற்றியது போலவே இங்கும் கழற்றியிருந்தார்கள்.

"கதவைப் பாரு. இவ்வளவு அடிக்கும் அசையல. அந்தக் காலத்து இரும்பு."

"ஸ்பாசிமிரோட வண்டியா இருந்தா மரத்துக்கு அடிபட்டதே தெரிஞ்சிருக்காது."

"என் வண்டி மரம் வரைக்கும் போயிருக்காதுடா," என்றார் ஸ்பாசிமிர். "பாதி வழியிலேயே நின்னிருக்கும். அதைவிடப் பாதுகாப்பு என்ன இருக்கு?"

"இதை ஜெர்மன்காரக் கிழவன் ஒருத்தன் ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும் ஓட்டினானாம், இல்ல ரங்கேலு?"

"நீ விக்கிற வண்டிக்கெல்லாம் ஒரு கிழவன்னு வெச்சா, அந்த ஊர்க் கோயில்ல நிக்க இடம் இருக்காதுடா," என்றார் இன்னொருவர்.

ரங்கேல் சிரிக்கவில்லை. அவன் கண் சிவந்திருந்தது. அழுதிருந்தான், அதில் பொய் இல்லை. வண்டியை மரத்தடியிலிருந்து இழுத்து வந்ததும் அவன்தான். சோர்னிட்சாவைக் கண்டதும் சிகரெட்டை அணைத்தான்.

"அக்கா, இதை நாளைக்குக் காலையில நானே எடுத்துட்டுப் போயிடறேன். அம்மா கண்ணுல பட வேண்டாம்."

"இதோட ஏர்பேக் எங்க, ரங்கேல்?"

"விரியலக்கா. பழைய வண்டி. சில சமயம் அப்படித்தான் ஆகுது."

"விரியலையா, இல்லவே இல்லையா?"

அவன் சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தான். "துக்க வீட்டுல வண்டிப் பேச்சு எதுக்குக்கா?" என்றான். காலையிலிருந்து வேறு எதையும் பேசாத ஆண்கள் ஆமாம் என்று தலையசைத்தார்கள்.

சோர்னிட்சாவுக்கு மிகவும் களைப்பாக இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் அவளிடம் ஏதோ விளக்கியது இப்போதுதான் வார்த்தை வார்த்தையாக நினைவுக்கு வந்தது. 'சாவியைத் திருப்பினா மீட்டர்ல ஏர்பேக் விளக்கு எரியும்மா. அப்புறம் தனியா அணையணும். எஞ்சின் எண்ணெயைக் காட்டுற விளக்கு அணையறப்போ கூடவே அணைஞ்சா, ரெண்டையும் ஒரே கம்பியில கட்டி ஏமாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். உள்ள ஒண்ணும் இருக்காது.' அவரும் களைத்துப்போன குரலில்தான் சொன்னார், பலரிடம் சொல்லி அலுத்தவர் போல.

அடக்கம் நடந்தது. பெட்டியின் முன்பக்க வலது மூலையை ரங்கேல் தூக்கினான். கண்ணாடியை அம்மாவே அப்பாவின் மார்புப் பையில் வைத்தாள். பாதிரியார் பெட்டியின் மேல் சிவப்பு ஒயினைச் சிலுவை போலக் குறுக்காக ஊற்றினார். மண் விழுந்தது. மேலங்கிக்குள் இருந்த துணி சோர்னிட்சாவின் விலாவில் சூடாக ஒட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து முற்றத்து மேசைகளில் உட்கார்ந்தார்கள். அவரைக்காய்ச் சூப், ரொட்டி, சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமை. கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டவில்லை. குடிப்பதற்கு முன் ஒவ்வொருவரும் கொஞ்சம் சாராயத்தை மண்ணில் சாய்த்து, "கடவுள் மன்னிக்கட்டும்" என்றார்கள். ஸ்பாசிமிர் எழுந்தார்.

"இந்தத் தெருவுல நிக்கிற வண்டியெல்லாம் மெத்தோதி காதுல பொறந்தது," என்றார். "இனிமே நாம யாரைக் கேப்போம்?"

ரலிட்சாவும் எழுந்தாள். குழந்தைக்குத் தொப்பியைக் கட்டியபடி ஸ்தோயான்காவின் கன்னத்தில் முத்தமிட்டாள். "இருட்டறதுக்குள்ள போகணும் அத்தை. மாமா பார்த்துக் குடுத்த வண்டி, ஒரு நாள் கூட என்னை நடுவழியில விட்டதில்ல."

சோர்னிட்சா அம்மாவைப் பார்த்தாள். அம்மா ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோர்னிட்சா மேலங்கியைத் திறந்து, திரையை எடுத்து, ரொட்டிக்கும் கோதுமைக்கும் நடுவில் மேசைமேல் விரித்தாள். செர்ரிப் பழங்களின் மேல் காய்ந்த ரத்தத்தின் பழுப்புக் கறை இருந்தது.

"அப்பா வண்டியோட ஸ்டியரிங்குக்குள்ள ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்துல இது இருந்துது," என்றாள். குரல் உயரவில்லை. "வாங்கினப்ப அங்க ஒண்ணுமே இல்ல. அப்பா போன வருஷமே கண்டுபிடிச்சுட்டாரு. நம்மகிட்ட சொல்லல."

யாரோ கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"துக்கத்துல என்ன பேசறோம்னு தெரியல அக்காவுக்கு," என்றான் ரங்கேல். "எந்தத் துணியோ. யாரு வெச்சதோ."

"செத்தவனை ஏம்மா சந்தியில நிறுத்தற?" என்றார் ஸ்பாசிமிர். அவர் குரலில் கோபத்தைவிடக் கெஞ்சல்தான் அதிகம் இருந்தது. "அவன் மேல மண்ணு இன்னும் காயல."

"உங்க பேத்திக்காகத்தான் மாமா சொல்றேன்."

கரண்டிகள் மறுபடி சூப்புக்குள் இறங்கின. ஊர் முழுவதும் மறுபடி திரையைச் சுருட்டித் திணித்துவிடும் போலிருந்தது. அப்போது அம்மா கையை நீட்டி, துணியின் பச்சை நூல் ஓரத்தைத் தடவினாள்.

"இது என் அடுப்படித் திரை," என்றாள். "நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

ரலிட்சா குழந்தையை சோர்னிட்சாவிடம் கொடுத்துவிட்டுத் தெருவுக்குப் போனாள். காவலர் சொன்னதை சோர்னிட்சா வாசல்வரை நடந்தபடியே அவளுக்குச் சொன்னாள். ரலிட்சா வண்டிக்குள் உட்கார்ந்து, கதவைத் திறந்தே வைத்துச் சாவியைத் திருப்பினாள். சிறு விளக்குகள் எரிந்தன. எஞ்சின் முனகி, பிறகு சீராக ஓடியது. நல்ல எஞ்சின், குறை சொல்ல முடியாதது. எண்ணெய் விளக்கு அணைந்தது. அந்த நொடியிலேயே ஏர்பேக் விளக்கும் அணைந்தது.

அவள் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, பின்னிருக்கையிலிருந்து குழந்தையின் இருக்கையைக் கழற்றி, மதில்மேல் வைத்தாள்.

ரங்கேல் கூட்டத்தைப் பார்க்காமல் தன் வண்டிக்கு நடந்தான். அது கடையில் வாங்கிய புது வண்டி. அதன் கதவு சாத்திய ஓசை யாருக்கும் கேட்கவே இல்லை.

முதலில் ஸ்பாசிமிர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். பிறகு மற்றவர்கள் எழுந்தார்கள், ஒவ்வொருவராக. மாலை வெயிலில் அந்தத் தெரு நெடுக வண்டிகளின் கதவுகள் திறந்து கிடந்தன. கறுப்புக் கோட்டுப் போட்ட ஆண்கள் உள்ளே குனிந்து, சிறு விளக்கொன்று அணைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கதவும் சாத்தப்படவில்லை. முற்றத்தில் ஸ்தோயான்கா திரையை வாளித் தண்ணீரில் நனைத்து, கறையின் மேல் சோப்பைத் தேய்த்தாள்.

நீங்களும் எழுந்திருங்கள். உங்கள் வண்டியின் கதவோசையை மறந்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து தனியே அணைகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், விற்றவன் உங்கள் ஞானமகனாகவே இருக்கட்டும், நல்ல வண்டி என்று தலையசைத்தவர் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும், தெருவுக்கு வந்து உரக்கச் சொல்லுங்கள். அடுத்த வீட்டுக் குழந்தை இருட்டுவதற்குள் கிளம்பப் போகிறது.