பீன்ஸ் பாத்தியில் ஒரு லைலாக்

1858க்குப் பிறகு வந்த எதுவும் கெண்ட்ரிக் வீட்டுத் தோட்டத்தில் இருக்கக் கூடாதாம். அப்படிப் பார்த்தால் அந்தப் பழைய வீட்டைப் பராமரிக்கும் எங்கள் சங்கத்து ஆட்களைத்தானே முதலில் பிடுங்கி எறிய வேண்டும்? கூட்டத்தில் கேட்டேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஆப்னர் கெண்ட்ரிக் பெரிய மனிதர்தான், நான் மறுக்கவில்லை. அடிமைமுறையை எதிர்த்து முழங்கியவர். வாசலில் அவருக்கு ஆள் உயரக் கருங்கல்லில் நினைவுக்கல் நிற்கிறது. 1858 அவர் புகழ் உச்சத்தில் இருந்த ஆண்டு என்பதால், வீட்டையும் தோட்டத்தையும் அந்த ஆண்டுக்கே திருப்பிவிடுவதென்று சங்கம் முடிவு செய்திருந்தது. பாஸ்டனிலிருந்து வந்த தோட்ட நிபுணர் ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டினார். சமையலறைப் பக்கம் பீன்ஸ் பாத்திதான் இருந்தது, ஊதாப் பூப் பூக்கிற இந்த லைலாக் செடி இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இல்லைதான். அதை நட்டது என் அம்மா.

வீடு பூட்டிக் கிடந்த காலத்தில் அப்பாதான் அதற்குக் காவல். சமையலறைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் நானும் அண்ணன் ஆல்டனும் வளர்ந்தோம். என்ன காலம் அது! மேப்பிள் மரச்சாற்றைப் பாகாகக் காய்ச்சும் நாட்களில் தலைமுடிகூட இனிப்பாக மணக்கும். பெரிய மனிதரின் மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி ஆல்டன் பல்லை உடைத்துக்கொண்டான். என்னையும் என் சிநேகிதி ஹெஸ்டரையும் சைக்கிளில் முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தியாக ஏற்றிக்கொண்டு மலைச்சரிவில் கையை விட்டுவிட்டு இறங்குவான். நாங்கள் கத்தக் கத்த அவனுக்குக் குஷி.

கொரியப் போருக்குப் போனான். வரவில்லை. உடம்பும் வரவில்லை. அந்த மே மாதம், போரில் இறந்தவர்களின் கல்லறைகளுக்கு ஊரே பூ எடுத்துக்கொண்டு போன நாளில், எங்களுக்குப் போக ஒரு கல்லறை இல்லை. அம்மா எங்கிருந்தோ ஒரு லைலாக் கன்றைக் கொண்டுவந்து சமையலறை ஜன்னலுக்கு நேரே நட்டாள். பாத்திரம் கழுவும்போது பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாமே என்றாள். அவனுக்கு இருந்த நினைவுக்கல் அது ஒன்றுதான்.

இதையும் கூட்டத்தில் சொன்னேன். சங்கத் தலைவி யார் என்கிறீர்கள்? அதே ஹெஸ்டர்தான்.

"எனக்கு மட்டும் மனசு இல்லையாடி மேவிஸ்? உனக்கு ஒண்ணு விட்டுக்குடுத்தா, நாளைக்கு இன்னொருத்தர் வந்து எங்க மாமா கட்டுன ஊஞ்சலை வைங்கன்னு நிப்பாங்க. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்."

"அப்ப 1858ல கக்கூஸ் வீட்டுக்குள்ளயா இருந்துச்சு? அதையும் பேத்து எறிங்க. பார்க்க வர்றவங்க புதர்ப்பக்கம் ஒதுங்கட்டும்."

"உன் வாய் இருக்கே, வாய்!"

கை தூக்கச் சொன்னார்கள். லைலாக் இருக்கட்டும் என்று என் ஒரு கை. எடுத்துவிடலாம் என்று மற்ற எல்லாக் கைகளும். ஹெஸ்டரின் கையும்தான்.

மறுவாரம் ஆரின் டட்டில் மண்வெட்டியோடு வந்தார். எங்கள் ஊரில் எதைத் தோண்டுவதென்றாலும் ஆரின்தான்.

"வேரோட எடுத்துத் தர்றேன் மேவிஸ். உன் வீட்ல கொண்டுபோய் வெச்சுக்கயேன்."

"மூணாவது மாடியில எங்கய்யா வெப்பேன்? குளிக்கிற தொட்டியிலயா?"

ஆரின் தொப்பியைக் கழற்றி வேலிமேல் வைத்துவிட்டு வெட்ட ஆரம்பித்தார். நான் ஜன்னலுக்கு உள்ளே, அம்மா வழக்கமாக நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க ஹெஸ்டரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வசந்தத்தில் பீன்ஸ் பாத்திக்குக் களை எடுக்க ஆள் கேட்டார்கள். குனிகிற இடுப்பு அங்கே யாருக்கு இருக்கிறது? நான் வருகிறேன் என்றேன். அந்த மண்ணையாவது தொடலாம் என்றுதான். வேறு எண்ணம் சத்தியமாக இல்லை.

ஜூன் மாதம், பீன்ஸ் கொடிகளுக்கு நடுவே ஒரு துளிர் தலைகாட்டியது. இலையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆரின் ஒரு வேரை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். தெரியாமலா, தெரிந்தேவா என்று நான் கேட்கவில்லை. நிபுணரின் படத்தில் இல்லாதது எல்லாமே களை. இது எனக்கு நன்றாகத் தெரியும். வாராவாரம் சுற்றி இருந்ததையெல்லாம் பிடுங்கினேன், அதை மட்டும் விட்டுவிட்டேன். முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது.

தோட்டத்தைத் திறப்பதற்கு முன்பு ஹெஸ்டர் சரிபார்க்க வந்தாள். ஒவ்வொரு பாத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் நின்றுவிட்டாள். நான் நிமிரவில்லை. பிடுங்கு என்றால் பிடுங்கித்தான் ஆக வேண்டும். தண்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை. படுபாவி, சொல்லித் தொலையேண்டி என்று மனதுக்குள் திட்டினேன்.

ஹெஸ்டர் வலிக்கிற முழங்காலை மடக்கி மெல்ல உட்கார்ந்தாள். கொடி கட்டுகிற சணலில் ஒரு துண்டை எடுத்து, என் விரல்களை விலக்கிவிட்டு, அந்தத் துளிரைப் பக்கத்துக் கொம்போடு சேர்த்துக் கட்டினாள்.

"இந்த பீன்ஸ் கொஞ்சம் மெதுவாத்தான் ஏறும்டி" என்றாள். "தண்ணி மட்டும் விடாம ஊத்து."

ஆகட்டும் என்றேன். எழுந்து பூவாளியை எடுக்கப் போனேன்.