சனிக்கிழமை நிற்கும் பம்பு

குளிர்காலம் பிறந்ததிலிருந்து ஊர்த் தண்ணீர்ப் பம்புக்கு ஒரு வினோத வியாதி. வெள்ளி வரை ஒழுங்காக ஓடும், சனிக்கிழமை மூச்சு விடாது, திங்களன்று ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி ஓடும். பசிபிக் தீவு நாடான டோங்காவில் ஞாயிறன்று யாரும் எந்த வேலையையும் தொடக்கூடாது. சனிக்கிழமை தொட்டி நிரம்பாவிட்டால் ஊரே இரண்டு நாள் தவிக்கும்.

மெக்கானிக் ஆக ஆசைப்பட்ட லோசாலினே மோட்டாரைக் கழற்றிப் பூட்டினாள். கம்பிகளைச் சோதித்தாள். எல்லாம் சரி. மோட்டாருக்குக் கிழமை தெரியுமா என்ன?

"ஒரே ஒரு சனிக்கிழமை ஓட வெச்சுக் காட்டும்மா, பம்பு வேலை உனக்குத்தான்" என்று தண்ணீர்க் குழுத் தலைவர் சாமிசோனி சொல்லியிருந்தார். மிஞ்சியிருந்தது இந்தச் சனிக்கிழமை மட்டும்தான். அவள் திங்கட்கிழமைக் கப்பலில் ஏறித் தலைநகர் வங்கியில் கவுண்டரில் உட்கார வேண்டும் என்பது லாவினியா அத்தையின் முடிவு. அப்பாவின் அக்கா முடிவெடுத்துவிட்டால் அப்பாவே வாய் திறக்க மாட்டார்.

"ஏன்டி, நாள் பூரா ஏன், எதுக்குன்னு கேட்டா எவன் சம்பளம் குடுப்பான்?" மாதா கோவில் வாசலிலிருந்து அத்தை கத்தினாள்.

"குடுப்பாங்க அத்தை. அதுக்குப் பேருதான் மெக்கானிக்."

"வாயைப் பாரு!"

சனிக்கிழமை மட்டும் ஊரில் என்ன மாறுகிறது? லோசாலினே பம்பை விட்டுவிட்டு, அதற்கு மின்சாரம் தரும் சூரியத் தகடுகளிடம் போனாள். வடக்கு வேலியில் அத்தையின் தஓவாலா தொங்கியது. ஞாயிறு ஆராதனைக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தாழைப்பாய். சனிதோறும் வெயில் காட்டுவாள். அதன் நிழல் முதல் தகட்டின் அடியோரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு விழுந்திருந்தது.

இத்தனூண்டு நிழலுக்கா? ஆமாம், அதுவே போதும். தகடுகள் வரிசையாக நின்று வாளி கைமாற்றுகிறவர்களைப் போல. ஒருவர் கையைக் கட்டிக்கொண்டால் வரிசையே நின்றுவிடும். குளிர்காலத்துக்கு முன்பு வெயில் உச்சியில் நின்றது, நிழல் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

சோதிக்கப் பாயை எடுக்க வேண்டும். ஆனால் அத்தையின் பாயைத் தொட்ட மருமகள் அந்த ஊரில் இதுவரை இல்லை.

"கை வெச்சே, நடக்கிறதே வேற!" கோவில் வாசலிலிருந்து ஓடி வந்தாள் அத்தை.

லோசாலினே இரண்டு கையாலும் தூக்கினாள். பம்பு முனகி ஓடத் தொடங்கியது. திரும்பத் தொங்கவிட்டாள், நின்றது. மறுபடி எடுத்தாள், ஓடியது.

பம்பருகே நின்ற சாமிசோனி தொடையில் தட்டிச் சிரித்தார். "வேலை உன்னோடதும்மா!"

"திங்கக்கிழமை கப்பலு?" அத்தை விடவில்லை.

"ஆசையா இருந்தா நீங்க போங்க அத்தை. நான் ஏற மாட்டேன்."

லோசாலினே பாயைக் கொண்டுபோய்த் தகடுகளுக்குப் பின்னால், தெற்கு வேலியில் விரித்தாள். இந்தத் தீவில் வெயில் வடக்கிலிருந்து சாய்கிறது. தெற்கு வேலியில் தொங்கும் பாயின் நிழல் தகடுகளின் மேல் விழாது. பாய் அங்கே காய்ந்தால், பம்பு சனிக்கிழமையும் ஓடும்.