தருமலிங்கத்துக்கு எவ்வளவு தேவை

எதிர்வீட்டுத் தவமணியின் கணவர் தருமலிங்கம் தீர்ந்துகொண்டிருந்தார். தட்டினால் கேஸ் சிலிண்டர் மாதிரி சத்தம் வந்தது. நெஞ்சுவரை காலி. நானும் தட்டிப் பார்த்தேன். தெருவில் தட்டாதவர்கள் கிடையாது.

தீர்ந்துபோகிறவர்களுக்குத் தெருமுனை டிப்போவில் ஊற்றித் தருவார்கள். எவ்வளவு தேவை என்று முதலில் இத்தாலிய மொழியில் கேட்க வேண்டும். அதையும் அக்கம்பக்கத்தார்தான் கேட்க வேண்டும். வாங்க வந்தவர் பதில் சொல்ல வேண்டும். பதில் தமிழில் இருக்கலாம். ஒரு தடவைதான் சொல்லலாம்.

எனக்கு இத்தாலியன் வரும். மாடிவீட்டுப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று படித்தேன்.

"அக்கா, நீங்கதான் வந்து கேக்கணும். மத்தியானத்துக்குள்ள தீந்துருவாரு போலருக்கு," என்றாள் தவமணி.

"வர்றேன். அந்த ஊதாப் புடவையோடயா வரப்போற? உனக்கு எடுப்பா இல்லடி."

அவள் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். அதற்குள் அவர் தொப்புள்வரை இறங்கிவிட்டார்.

நாங்கள் நடக்க நடக்கத் தெரு நீண்டது. என் வீட்டையே பலமுறை கடந்தோம். ஒருமுறை ஜன்னலில் நான் நின்று எங்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையசைத்தேன். ஜன்னலில் நின்ற நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். எனக்கு அவ்வளவு திமிர்.

டிப்போவில் எங்களுக்கு முன்னால் ஒரு தலைமையாசிரியர். தூக்கம் தீர்ந்துபோய் வாங்க வந்திருந்தார். எவ்வளவு தேவை என்று அவருடைய பக்கத்துவீட்டுக்காரர் கேட்டார். "நிறைய," என்றார் தலைமையாசிரியர். ஊற்றினார்கள். அங்கேயே விழுந்தார். இனி எழுந்திருக்க மாட்டாராம். அவரைத் தாண்டிக்கொண்டு வரிசை நகர்ந்தது.

"யாருக்கு?" என்றார் டிப்போக்காரர்.

"இவ வீட்டுக்காரருக்கு."

"கேளுங்க."

நான் தவமணியைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன். "குவான்தோ நே செர்வே?"

டிப்போக்காரர் அண்டாவிலிருந்து அகப்பை நிறைய முகந்து தயாராகப் பிடித்திருந்தார். தவமணி கொண்டுவந்த தூக்குவாளியும் பெரியதுதான். ஆனால் அவள் நன்றாக வளர்க்கப்பட்டவள். கல்யாணப் பந்தியில் பசியோடு உட்கார்ந்தாலும் இலையைக் கையால் மறைத்துக்கொள்கிற குடும்பம். அகப்பை கிட்டே வந்ததும் அவள் கை தானாக வாளியின் வாயை மூடியது.

"கொஞ்சம் போதுங்க."

எனக்குத் தெரியும், அப்படித்தான் சொல்லுவாள் என்று.

"நல்ல பொண்ணு," என்றார் டிப்போக்காரர். அகப்பையைத் திரும்ப அண்டாவிலேயே கவிழ்த்துவிட்டு, நுனியில் ஒட்டியிருந்ததை வாளியில் உதறினார்.

திரும்பும்போது அவள் கேட்டாள். "தப்பா சொல்லிட்டேனாக்கா? நிறையக் கேட்டா என்ன நெனப்பாங்கன்னு..."

"சரியாத்தான் சொன்ன. கண்டவங்க மாதிரி வாரிக்கிட்டு வந்தா நமக்குத்தான் அசிங்கம்."

தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்திருந்தார்கள்.

"என்ன தவமணி, தருமலிங்கமா? துளி குடேன், வாயில போட்டுப் பாக்கறேன்."

இல்லை என்று அவளுக்குச் சொல்ல வராது. வாசலுக்கு வாசல் வாளியைச் சாய்த்தாள். கடைசியில் நானும் விரலை விட்டு நக்கினேன். உப்பு போதவில்லை. சொன்னேன். "மன்னிச்சுக்குங்கக்கா," என்றாள்.

வீட்டில் தருமலிங்கம் சுருண்டு கிடந்தார். வாளியின் அடியில் ஈரம் மட்டும் இருந்தது. அதை வழித்து அவர் உதட்டில் தடவினாள். எங்களுக்கும் பார்க்க வேண்டியிருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு நின்றோம்.

அவர் கண் திறந்தது. தவமணி முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"என்னங்க. நான்தாங்க. என்னப் பாருங்க. ஏதாச்சும் சொல்லுங்க."

அவர் அவளுடைய தோளுக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க," என்றார்.

அத்தோடு தீர்ந்துபோனார்.

இவ்வளவு தூரம் சொன்னாரே என்று உட்கார்ந்தோம்.