மறுபடி ஆடிய நூறு ஆட்டங்கள்

சதுரங்க வட்டத்தில் அவரை எல்லோரும் 'தராசு' என்றுதான் கூப்பிடுவார்கள். உத்தியோகமும் அதுதான். கடைகடையாகப் போய் எடைக்கற்களைச் சரிபார்த்து முத்திரை வைக்கும் ஆய்வாளர். வீட்டில் இன்னொரு வேலை உண்டு. யாராவது சதுரங்க ப்ரோக்ராம் எழுதி அனுப்பினால், அதை இன்னொன்றோடு நூறு ஆட்டம் மோதவிட்டு முடிவை இணையத்தில் போடுவார். இரண்டுக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே அளவு நேரம், ஒரே அளவு நினைவகம். ஒவ்வொரு தொடக்க நிலையையும் இரண்டும் வெள்ளையில் ஒரு முறை, கறுப்பில் ஒரு முறை ஆடவேண்டும். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

அவருடைய மகள் மூன்று வருடம் பாடுபட்டு ஒரு ப்ரோக்ராம் எழுதினாள். அதையும் இன்னொன்றோடு நூறு ஆட்டம் ஆடவைத்தார். முப்பத்தொன்பதுக்கு அறுபத்தொன்று என்று தோற்றது.

ஆட்டப் பதிவுகளைப் படித்துவிட்டு மகள் அவரிடம் வந்தாள்.

"அப்பா, என்னோடது யோசிக்கற வேகம் இங்க பாதியா குறையுது. என்னோடதோட முறை வரும்போது மத்தது சும்மா இருக்காம, அதுவும் யோசிச்சுட்டே இருக்கான்னு பாருங்களேன். ஒரே மெஷின்தானே, பாதி சக்திய அது தின்னுடும்."

"தோத்தவங்க எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லத்தாம்மா செய்வாங்க."

"செட்டிங்ஸத் திறந்து பாத்தா தெரிஞ்சுடப்போகுது."

"உனக்காகத் திரும்பப் பாத்தா, பொண்ணுக்குச் சலுகை காட்டறான்னு ஊரே சிரிக்கும்."

"வேற யாராவது கேட்டிருந்தா பாத்திருப்பீங்கல்ல?"

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று சாயங்காலமே முடிவை வெளியிட்டார். அந்த ப்ரோக்ராமைக் கேள்விப்பட்டு அவளை வேலைக்கு அழைத்திருந்த நிறுவனம் அதன் பிறகு வாயே திறக்கவில்லை. மகள் வேறு ஊரில் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவு கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மாவோடு மணிக்கணக்காகப் பேசுவாள். அப்பா போனை வாங்கினால், "சாப்பிட்டீங்களா?" என்பதோடு சரி.

ஆறு வருடம் கழித்து, புதுக் கம்ப்யூட்டருக்கு மாறும்போது பழைய அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மகளுடையதை எதிர்த்து ஆடிய ப்ரோக்ராமில், 'எதிராளியின் முறையிலும் யோசி' என்ற இடத்தில் டிக் இருந்தது. அதற்கு முந்தைய போட்டியில் மட்டும், அனுப்பியவர்கள் கேட்டுக்கொண்டதால், ஆடிய இரண்டும் தனித்தனிக் கம்ப்யூட்டரில் ஓடின. அதற்காக அவரே போட்டது. எடுக்க மறந்துவிட்டார்.

"என்னங்க, மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?" என்று மனைவி பதறினாள்.

டிக்கை எடுத்துவிட்டு, அதே பழைய கம்ப்யூட்டரில் நூறு ஆட்டங்களையும் மறுபடி ஓடவிட்டார். ஆபீசுக்கு மூன்று நாள் லீவு. ஐம்பத்தேழுக்கு நாற்பத்துமூன்று என்று மகளுடையது ஜெயித்தது. தப்பு தன்னுடையது என்று எழுதி வெளியிட்டுவிட்டு பஸ் ஏறினார்.

மதிய இடைவேளையில் ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே இருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். புது முடிவை அச்செடுத்து அவர் நீட்டிய தாளை அவள் நிதானமாகப் படித்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்பா. என் மெஷின்ல ஓட்டிப் பாத்தேன். ஐம்பத்தெட்டு வந்துது."

"அத ஏம்மா எங்கிட்ட காட்டல?"

"காட்டினாத்தான் நம்புவீங்கன்னா எனக்கு வேண்டாம்னு தோணிச்சு. நான் சொன்னா ஒரு தடவ திறந்து பாப்பீங்கன்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

"மன்னிச்சுடும்மா. திரும்ப ஆரம்பிக்கலாமே. நீ எழுதினதெல்லாம் இருக்குல்ல?"

"அழிச்சுட்டேன்பா. அதத் திறந்தாலே உங்க முகந்தான் வந்து நிக்குது."

"ஓடற பிரதி ஒண்ணு எங்கிட்ட இருக்கு..."

"நீங்களே வெச்சுக்குங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"அம்மாவ மாத்திரைய மறக்காமப் போடச் சொல்லுங்க."

கவுண்டருக்கு முன்னால் அதற்குள் நீள வரிசை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலில் நின்ற கிழவரிடம் பெயரும் வயசும் கேட்க ஆரம்பித்தாள். அவள் ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்ப்பாள் என்று அவர் வெகுநேரம் அங்கேயே நின்றார். வரிசை குறையவே இல்லை.