இரண்டு துரட்டி

பெருமுக்கல் பக்கம் எங்கள் ஏரிக்குள் நிற்கிற மரங்களில் தை பிறந்தால் நாரைகள் குஞ்சு பொரிக்கும். எச்சம் கலந்த தண்ணீர் பாய்கிற வயலுக்கு வேறு எரு தேவையில்லை. அதனால் குஞ்சு பறக்கும்வரை கரைமேல் மேளம் கிடையாது, வெடி கிடையாது. கல்யாண ஊர்வலம்கூட ஊமையாகத்தான் போகும். மீறிச் சத்தம் போட்டவன், பறவைகள் திரும்பி இறங்குகிறவரை கூடுகளில் காக்காய் ஓட்ட வேண்டும். இது ஊர்க் கட்டுப்பாடு.

1938இல் வெளியூர்க்காரர்கள் துப்பாக்கியோடு வந்து சுட்டார்கள். பாதிப் பறவை போனது, விளைச்சலும் படுத்தது. சுடத் தடை கேட்டு மனுப் போட்டோம். மறு வருஷம் நேரில் பார்த்து முடிவு சொல்லத் திண்டிவனத்திலிருந்து ஆபீசர் சக்கரபாணி வந்தார். அவர் முடியாது என்றால் எங்கள் நெல் அவ்வளவுதான்.

ஆபீசரை மேளமில்லாமல் வரவேற்க ஊருக்கு மனசு வரவில்லை. பறையடிக்கும் அந்தோணிசாமியை, பறையை மாட்டிக்கொண்டு சும்மா நிற்கச் சொன்னோம். எங்களுக்கு அது பெரிய யோசனையாகத் தெரிந்தது.

ஆபீசர் எட்ட நின்றே கேட்டார். “எதுக்குய்யா சும்மா மாட்டிக்கிட்டு நிக்கிறே?”

“மரியாதைக்குங்க. அடிச்சா நாரைங்க பூடும்ங்க.”

“ஒரு சத்தத்துக்கா? உடனே திரும்பிடும்னு சுடறவங்க சொல்றாங்களே. நீங்களே பிடிச்சுத் தின்னத்தானே தடை கேக்குறீங்க? ஒரு அடி அடி, பாக்கலாம்.”

மதகடியில் முதல் வயல் கிருஷ்ணவேணியுடையது. “வேணாம்” என்று தலையாட்டினாள். அந்தோணிசாமி ஆபீசரைப் பார்த்தான், மரங்களைப் பார்த்தான். என்னதான் ஆகும் என்று பார்க்க அவனுக்கும் ஆசை இருந்திருக்கும். எனக்கு இருந்தது. அடித்தான்.

ஏரியே எழுந்து போன மாதிரி இருந்தது. வெயிலை மறைத்துச் சுற்றின நாரைகள் இறங்கவே இல்லை. ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குள் காக்காய்கள் வந்துவிட்டன. ஒன்று, இறகு முளைக்காத குஞ்சைத் தூக்கிக்கொண்டு அவர் தலைக்கு மேலேயே பறந்தது. ஆபீசர் கடிகாரத்தைப் பையில் போட்டார்.

கிருஷ்ணவேணி, காக்காய் ஓட்டக் கறுப்புத் துணி கட்டிய இரண்டு நீளத் துரட்டிகளைக் கொண்டுவந்தாள்.

“அடிச்சவருக்கு ஒண்ணு. அடிக்கச் சொன்னவருக்கு ஒண்ணு.”

கூட வந்த குமாஸ்தாவுக்கு முகம் வெளுத்தது. மனு தொலைந்தது என்றே நினைத்தேன். ஆபீசர் குனிந்து பூட்ஸைக் கழற்றினார்.

ஏரியில் தெப்பம் தள்ளுகிறவன் நான்தான். வாழைமரத் தெப்பத்தில் எட்ட நிற்க இடம் ஏது? இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி நின்று துரட்டியை ஆட்டினார்கள். “வாயத் தொறக்காதீங்க. ஆளு பழக்கந்தான் அதுங்களுக்கு, சத்தந்தான் ஆவாது” என்று அந்தோணிசாமி கிசுகிசுத்தான். ஆபீசர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையாட்டினார். சட்டையெல்லாம் எச்சம்.

பொழுது சாய்கிற நேரத்தில் நாரைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சில நாரைகள் குஞ்சில்லாத கூடுகளுக்குமேல் வெறுமனே நின்றன. ஆபீசர் அவற்றையே பார்த்தார். கரைக்கு வந்ததும் குமாஸ்தாவின் காதருகே போய், “எழுது. இங்க துப்பாக்கி கூடாது” என்றார்.

குமாஸ்தாவுக்குக் காது மந்தம். “என்ன சார்?” என்று கத்தினார்.

நாலைந்து நாரைகள் எழும்பின. ஆபீசர் தன் கையிலிருந்த துரட்டியைக் குமாஸ்தாவிடம் நீட்டினார்.