மூன்றாம் விருந்தாளிக்குப் பை உண்டா

மூன்றாம் விருந்தாளியின் உடையைப் பற்றிப் பேச ஆரம்பித்து அன்றோடு மூன்று நாள். விருந்தாளி யார் என்று அறையில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் வக்கீலம்மா. அவர் வாயைத் திறக்க மாட்டார்.

சண்டை வீடியோ கேம் செய்யும் கம்பெனி அது. வேறு வேறு கேம்களில் பிறந்து வளர்ந்த சண்டைக்காரர்களை ஒரே மேடைக்கு அழைத்து வந்து மோதவிடுவதுதான் இந்த வருடத்து வேலை. அப்படி வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு விருந்தாளி என்று பெயர். போன தடவை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே ஒரு விருந்தாளியின் பெயர் வெளியே கசிந்து, அந்தக் கேமின் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டு ஆளை அனுப்பாமலே விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு சட்டம். கையெழுத்து வரும்வரை பெயர் கிடையாது, முகம் கிடையாது, நம்பர் மட்டும். ஆள் நிற்கும் நிலையைக் கறுப்பாக நிரப்பிய ஒரு தாளைக் கொடுத்துவிடுவார்கள்; அந்த நிழலுக்குச் சட்டை போட வேண்டும். யாராவது பெயரை ஊகித்துச் சொன்னால் வக்கீலம்மா எழுந்து போய்விடுவார். அவர் போனால் கூட்டம் செல்லாது. இப்படி ஒரு சட்டத்தை யோசித்த புண்ணியவான் வாழ்நாளில் ஊசியில் நூல் கோத்திருக்க மாட்டார்.

உடை வரைகிறவளை எல்லோரும் டெய்லரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். திரையில் வரப்போகும் சட்டையை முதலில் துணியில் தைத்து, மரப்பொம்மைக்கு மாட்டி, கையைத் தூக்கினால் அக்குள் இழுக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வரைவாள். அவள் கை பட்ட எந்த உடையிலும் ஒரு பை இருக்கும். போன வருடம் ஒரு பேய்க்குக்கூடப் பை வைத்தாள். பேய் அதில் எதைப் போட்டு வைக்கும் என்று கேட்டதற்கு, "அதுக்கும் ஏதாவது இருக்கும்ல" என்றாள்.

"இது வயசான ஆளு," என்றார் சண்டை மாஸ்டர். அடி உதைகளை அமைப்பவர் அவர். "கூன் விழுந்த முதுகைப் பாருங்க. நீளமா ஒரு அங்கி போடலாம்."

"எனக்கென்னவோ சின்னப் பொண்ணாத்தான் தெரியுது," என்றார் டைரக்டர். "குட்டைப் பாவாடை போடலாம். பின்னால தொங்குது பாருங்க, ஜடை."

"அது ஜடை இல்ல சார், வாலு."

"வாலுன்னா பாவாடையில ஓட்டை போடணுமே."

ஓட்டையை எங்கே போடுவது என்று அரைமணி நேரம் பேசினார்கள். அங்கியைச் சொன்னவரே ஓட்டைக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் டைரக்டர் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, இப்படியும் சரியாகத்தான் இருக்கிறது என்றார். வக்கீலம்மா கூரையில் ஓடும் குழாய்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

டெய்லரக்கா வாலையும் பார்க்கவில்லை, ஜடையையும் பார்க்கவில்லை. அவள் கண் முதல் நாளிலிருந்தே நிழலின் வலது முழங்காலில் கிடந்தது. அது கொஞ்சம் உள்பக்கமாக மடங்கியிருந்தது.

முன்பு ஒரு வாடகை அறையில் அவளும் தம்பியும் சேர்ந்து ஒரு சின்ன கேம் செய்தார்கள். பூட்டுக்குச் சாவி செய்கிற ஒருத்தி, சாவிக்கொத்தைச் சுழற்றிச் சண்டை போடுவாள். சாவிக்காரி என்றே பெயர் வைத்தார்கள். சாவிக்காரியின் அசைவுக்கு மாதிரியாகக் கேமரா முன்னால் நடந்து காட்டியவன் தம்பி. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் அவனுக்கு வலது முழங்கால் உள்ளே மடங்கித்தான் நிற்கும். சாவிக்காரிக்கும் அது அப்படியே வந்து சேர்ந்தது.

அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை ஒரு பையால் வந்தது. சண்டை முடிந்தால் சாவியை எங்கே வைப்பாள், இடுப்பில் ஒரு பை வேண்டும் என்றாள் இவள். அடுத்த சண்டையில் சாவி கையில் இருந்தால் போதும், பை வைத்தால் சட்டையின் கோடு கெட்டுவிடும் என்றான் அவன். பேச்சு தடித்தது. உன் சட்டையாலதான் கேம் ஓடவில்லை என்று அவன் சொல்ல, உன் நொண்டி நடையாலதான் என்று இவள் சொல்லிவிட்டாள். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன அந்த நொடியே தெரிந்தது. சாவிக்காரியை அவனிடமே விட்டுவிட்டு வெளியேறினாள். ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது இந்த முழங்கால். இது சாவிக்காரி என்றால், அக்கா வேலை செய்கிற இடம் என்று தெரிந்தே தம்பி அனுப்பியிருக்கிறான். இல்லையென்றால் இது யாரோ ஒருவருடைய முழங்கால், அவ்வளவுதான். காலையில் ஆம் என்று தோன்றும், மதியம் இல்லை என்று தோன்றும். வாய்விட்டுக் கேட்டால் வக்கீலம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார்.

அவள் தன் படத்தைப் பலகையில் குத்தினாள். இடுப்பை ஒட்டிய மேல்சட்டை, தளர்வான கால்சட்டை. டைரக்டர் கிட்டே போய்ப் பார்த்தார்.

"பை எங்க?"

"இதுக்கு வேண்டாம்."

"பேய்க்கே வெச்சீங்களேக்கா."

"வேண்டாம்னா வேண்டாம். கோடு கெட்டுடும்."

தம்பியின் வார்த்தை அச்சு மாறாமல் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளே விழித்தாள். சண்டை மாஸ்டர் உண்மையான கவலையோடு, "அக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். பிறகு பேச்சை மாற்றுவதாக நினைத்து, "அந்தக் காலு ஒரு மாதிரி கோணலா இருக்கு. நிமிர்த்திடுவோமா?" என்றார்.

"முழங்கால்ல யாரும் கை வைக்காதீங்க."

குரல் சற்று உயர்ந்துவிட்டது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. சட்டை வரைகிறவளுக்கு முழங்காலில் என்ன அக்கறை என்று டைரக்டர் மறுபடி தாளைத் திருப்பிப் பார்த்தார்.

அப்போது வக்கீலம்மாவின் போன் அதிர்ந்தது. படித்துவிட்டு மூன்று நாளில் முதல்முறையாக நேராக உட்கார்ந்தார்.

"கையெழுத்து வந்தாச்சு. ரெண்டே ரெண்டு நிபந்தனை போட்டிருக்காங்க. வாசிக்கிறேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "உடையின் இடது இடுப்பில் ஒரு பை இருக்க வேண்டும். ஒரு சாவிக்கொத்து முழுதாக உள்ளே போகும் ஆழம் வேண்டும். வெறும் கோடாக வரைந்த பொய்ப்பை கூடாது. நடை மாற்றப்படக் கூடாது."

"கிழவனுக்கு எதுக்கு சாவி?" என்றார் சண்டை மாஸ்டர்.

"கிழவனும் இல்ல, சின்னப் பொண்ணும் இல்ல. இனிமே பேரைச் சொல்லலாம். சாவிக்காரி."

"அப்ப வாலு?" என்றார் டைரக்டர்.

டெய்லரக்கா பலகையிலிருந்து தன் படத்தைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு, பக்கத்தில் துணி வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தம்பியின் எண்ணை அவள் போனிலிருந்து அழித்திருக்கவில்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"டேய்."

"சொல்லுக்கா."

"பை வேண்டாம்னுதானே சொன்ன."

"நீ வேணும்னியே."

"உன் நடையைப் பத்தி நான் அன்னிக்குச் சொன்னது..."

"அதை விடுக்கா. பை வெச்சியா?"

"வைக்கலடா. உனக்குப் பிடிக்காதேன்னு பை இல்லாமலேயே வரைஞ்சிட்டேன்."

"அதெப்படி? சாவியை எங்க வைப்பா?"

"கோடு கெட்டுடும்டா."

"கெடட்டும். பை வேணும்."

"நான் சொல்றதைக் கேளு. வேண்டாம்."

சத்தம் கேட்டு டைரக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். டெய்லரக்கா மரப்பொம்மையில் சாய்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, பை வேண்டவே வேண்டாம் என்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டார். உள்ளே அக்காவும் தம்பியும் ஆறு வருடத்துக்கு முன் விட்ட இடத்திலிருந்து, பக்கம் மாறி நின்று, சண்டை போட்டார்கள். போனை வைக்க இரண்டு பேருக்கும் மனமில்லை.